வியாழன் இரவு 9.05: மலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களை இணைக்க ஆறு மாதம்

போன வியாழன் இரவு 9.05க்குப் போன்வழியாகத் தொடங்கிய எங்கள் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டம் 9.41க்கு முடிந்தது. 27 பேர் வந்தார்கள். கடைசிவரை 24 பேர் இருந்தார்கள். "சார், வாய்ஸ் கட்டாகுது" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஜூன் மாதம் கை வைத்த வேலை, நவம்பர் மூன்றாம் வாரத்தில்தான் ஒழுங்காக ஓடியது. நடுவில் என்ன செய்தேன், எங்கே தப்பு செய்தேன், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் வேறு ஆசிரியர் யாருக்காவது நாலைந்து மாதம் மிச்சமாகும்.

நான் வேலை பார்ப்பது ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளி. காவலூர் வானாய்வகம் இருக்கிற மலை என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். 6 முதல் 8 வரை அறிவியல் எடுக்க நான் ஒருவன்தான். மலையிலும் அடிவாரத்திலும் எனக்குத் தெரிந்த பள்ளிகளில் எல்லாம் இதே கதைதான்: அறிவியலுக்கு ஒரே ஆள். பாடத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பில் போய்க் கேட்க முடியாது. சுற்றுப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பார்த்தால் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். ஜூனில் அப்படி ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அடிவாரப் பள்ளி டீச்சர் ஒருவர் சொன்னார்: "போன வருஷம் முழுக்க ஒரு சோதனையைத் தப்பாவே செஞ்சு காட்டியிருக்கேன் சார். இன்னைக்கு நீங்க சொல்லித்தான் தெரியுது." பஸ்ஸில் மலையேறும் வழியெல்லாம் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். இரண்டு வாரத்தில் 43 பேர் சேர்ந்தார்கள்.

மூன்றாவது வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் 312 செய்திகள். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு நன்றி, வேறு நாலு குழுவில் ஏற்கெனவே வந்த சுற்றறிக்கைகள். பாடம் பற்றிய கேள்வி 9. அதில் பதில் கிடைத்தது இரண்டுக்குத்தான். மீதி ஏழும் வாழ்த்துகளுக்கு அடியில் மூழ்கிப் போயிருந்தன. கேள்வி கேட்டவர் பதில் வராததைப் பார்த்து மறுபடி கேட்பதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஆசிரியர் "எனக்கு இது தெரியவில்லை" என்று 42 பேர் முன்னால் எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

உடனே நான் செய்தது இன்னொரு தப்பு. அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றினேன். சத்தம் நின்றது, கேள்வியும் நின்றது. பத்து நாள் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டெலிகிராம். புதிதாகச் சேருபவருக்குப் பழைய செய்திகள் எல்லாம் தெரியும், தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம், பெரிய கோப்புகளை வைக்கலாம். இவை எல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. 6, 7, 8 என்று வகுப்புக்கு ஒரு தலைப்பு போட்டு, இரண்டு இரவு விழித்து அழகாக அமைத்தேன். 43 பேரில் 11 பேர் வந்தார்கள். பேசியது மூன்று பேர். ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டதில் காரணம் தெரிந்தது. எமிஸ், திக்‌ஷா, மணற்கேணி என்று போனில் ஏற்கெனவே வரிசையாகக் கல்வித்துறை ஆப்கள் இருக்கின்றன. பலருடையது 32 ஜிபி போன், இன்னொன்றுக்கு இடமில்லை. ஒரு சார் வெளிப்படையாகச் சொன்னார்: "பசங்க போட்டோவை அழிச்சாத்தான் அது இறங்கும், எதை அழிக்கட்டும்?" ஐந்து வாரத்தில் அதை மூடினேன். எனக்கு வசதியான கருவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் வாட்ஸ்அப்புக்கே திரும்பினேன். இந்த முறை கம்யூனிட்டி அமைப்பு. அதற்குள் இரண்டு பகுதி: 'அறிவிப்பு' என்பதில் நானும் இன்னொருவரும் மட்டும் எழுதுவோம், 'சந்தேகம்' என்பதில் எல்லோரும் எழுதலாம். அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் போன் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. இது எவ்வளவு முக்கியம் என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை. எண் வெளியே தெரிவதால் முதல் குழுவுக்கே வராமல் இருந்த ஆறு டீச்சர்கள் இதில் சேர்ந்தார்கள். அவர்களில் நான்கு பேர் ஒரு மாதம் கவனித்துவிட்டு, 'சந்தேகம்' பகுதிக்கும் தாங்களாகவே வந்தார்கள்.

'சந்தேகம்' பகுதிக்கு மூன்றே ஏற்பாடுகள். முதல் வரியில் வகுப்பும் பாட எண்ணும்: எட்டாம் வகுப்பு மின்னியல் என்றால் 8-5. பாடத்தின் பெயரை ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கில எழுத்திலும் அடிப்பதால் தேடினால் கிடைக்காது; எண்ணைத் தேடினால் உடனே வரும். இரண்டாவது, குரல் பதிவு தாராளமாகப் போடலாம், ஆனால் அதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும். வயதில் மூத்த ஆசிரியர்கள் குரலில்தான் மணியாக விளக்குகிறார்கள். அதைத் தட்டச்சு செய்யச் சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனால் குரலுக்குள் தேட முடியாது. மூன்றாவது, நன்றி சொல்ல விரும்பினால் அந்தச் செய்தியின் மேலேயே கைகூப்பும் குறியைப் போடுவது. செப்டம்பர் இரண்டாம் வாரம் மறுபடி எண்ணினேன்: 74 செய்திகள், அதில் கேள்வி 16, பதில் கிடைத்தது 14.

பதில் கிடைக்க ஆரம்பித்ததும் வினாத்தாள் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் வைத்திருப்பதை ஒரே இடத்தில் போட்டால் எல்லோருக்கும் உதவுமே என்று கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை திறந்தேன். இலவசக் கணக்கில் 15 ஜிபி. எங்களுக்கு அதுவே அதிகம். முதல் நாள் இணைப்பை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் 14 பேரிடமிருந்து 'அனுமதி வேண்டும்' என்ற மின்னஞ்சல். பகிர்வு அமைப்பைப் பூட்டியே வைத்திருந்தேன். அதைச் சரி செய்கிறேன் என்று எல்லோருக்கும் திருத்தும் உரிமையைக் கொடுத்தேன். நான்காம் நாள், பாடவாரியாக யார் எதைத் தயாரிக்கிறார்கள் என்ற அட்டவணையில் யாரோ பெயர்ப் பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டார்கள். பெயர் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம். 'பதிப்பு வரலாறு' என்ற வசதியில் முந்தின நாள் நிலையை மீட்டேன். இப்போது பார்க்கும் உரிமை எல்லோருக்கும், திருத்தும் உரிமை நான்கு பேருக்கு மட்டும். மற்றவர்கள் போட வேண்டியதை அந்த நால்வரில் ஒருவருக்கு அனுப்புகிறார்கள்.

உண்மையான இடி அதற்கப்புறம்தான். வந்த 41 வினாத்தாள்களில் 29ஐ என் கணினியில் திறக்க முடிந்தது, படிக்க முடியவில்லை. பெரும்பாலானவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை, சில வானவில் என்ற எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் பாமினிக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் வரிசையாக நிற்கும். தாள் முழுவதும் அப்படித்தான். போனில் திறந்தவர்களுக்கும் அதே கதி.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னேன். படிக்க முடிந்தது. ஆனால் 5 மதிப்பெண் கேள்வியை 2 ஆக்க, தன் பள்ளிக்குத் தேவையில்லாத கேள்வியை எடுக்க, முடியவில்லை. வினாத்தாளைப் பகிர்வதே மாற்றி எடுத்துக்கொள்ளத்தானே. ஆகவே எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்தது 2010இல். எங்கள் கையில் இருந்த தாள்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு அடித்தவை. டைப்பிங் சென்டரில் பழகிய விசைப்பலகையை விட யாருக்கும் மனம் வருவதில்லை, அது நியாயமும்தான்.

என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றினேன். ஒரு தாளுக்குச் சராசரியாக 12 நிமிடம். மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி எல்லாம் சரிபார்ப்பதற்கு. வேதியியல் வாய்பாடுகள்தான் படுத்தின. பாமினியாக நினைத்துக்கொண்டு அது ஆங்கில எழுத்துகளையும் தமிழாக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடின் வாய்பாடு இருந்த இடத்தில் பொருளில்லாத தமிழ் எழுத்துகள் நின்றன. அடுத்த தாளிலிருந்து, மாற்றுவதற்கு முன்பே வாய்பாடுகளை வெட்டி ஒரு காகிதத்தில் எண் போட்டுக் குறித்துக்கொண்டு, மாற்றிய பின் கையால் சேர்த்தேன். 29 தாளுக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு போனது. அதோடு புதுத் தாள்களை எல்லோரும் கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சில் செய்யலாம் என்று காட்டிக் கொடுத்தேன். தமிழில் பேசினால் யூனிகோடிலேயே விழும். நிறுத்தற்குறிகளை மட்டும் பிறகு போட வேண்டும். விசைப்பலகைப் பிரச்சினையே தீர்ந்தது.

இனி போனில் முகம் பார்த்துப் பேசும் கூட்டம். முதலில் ஜூம். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் என்பது தெரியாமல் ஒரு மணி நேரத்துக்குத் திட்டமிட்டேன். ஒரு டீச்சர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது எல்லோரும் வெளியே விழுந்தோம். அடுத்து கூகுள் மீட். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அதில் 60 நிமிடம். பலருடைய போனில் அது முன்பே இருந்தது. நேரத்தை நானே இரவு 8 என்று வைத்தேன். மூன்று வாரமும் வந்தவர்கள் ஒன்பது, பத்து பேர். அத்தனை பேரும் ஆண்கள். பட்டியலைப் பார்த்தபிறகுதான் எனக்கு இது கண்ணில் பட்டது. டீக்கடையில் பேசிய அதே டீச்சரிடம் கேட்டேன். "எட்டு மணிக்கு அடுப்புல தோசைக்கல் இருக்கும் சார். எங்க வீட்ல கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்திரிக்க எட்டே முக்கால் ஆகும்" என்றார். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தோம். வியாழன் 9.05, அரை மணி நேரம் என்று முடிவானது. அடுத்த வாரமே 19 பேர், அதில் 11 டீச்சர்கள். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு பிரச்சினை. வேகம் பார்க்கும் ஆப்பை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து குறித்தேன். கூடத்தில் நொடிக்கு 0.4 மெகாபிட், சமையலறையில் 0.9, கிழக்கு ஜன்னல் திண்டில் 3.2. ஆகவே என் போனை ஜன்னல் திண்டிலேயே வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு, திரை விரிசல் விட்ட பழைய போனிலிருந்து கூட்டத்தில் சேர்ந்தேன். இரண்டுக்கும் இடையே நாலு மீட்டர். தகரக்கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது. 150 ரூபாய்க்கு மைக் வைத்த இயர்போன் வாங்கியபின் அந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது. டேட்டாவையும் அளந்தேன். பேசுபவர் ஒருவர் மட்டும் வீடியோவை வைத்து மற்றவர்கள் அணைத்துவிட்டால், அரை மணிக்கு என் போனில் ஏறக்குறைய 140 எம்பி. எல்லோரும் வீடியோவோடு இருந்த நாளில் 310. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு இரவு ஒன்பது மணிக்கு மீதி எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அணைப்பதுதான் சரி.

சோதனை காட்டும்போது போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் செய்வது நடக்காது. புத்தக அடுக்கின் மேல் வைத்துப் பார்த்தேன், சரிந்து விழுந்தது. வயரிங் பைப்பில் ஒரு தாங்கி செய்தேன். முக்கால் அங்குலப் பைப், பத்து அடி நீளம் ஒன்று 95 ரூபாய். எல் வடிவ இணைப்பான எல்போ மூன்று 36, டி (T) வடிவ இணைப்பான டீ ஒன்று 15, மூடி இரண்டு 16, போன் பிடிக்கும் கிளிப் 70. ஹேக்சா என்னிடமே இருந்தது. அடிப்பாகத்துக்கு 14 செ.மீ. துண்டு இரண்டு, நடுவில் டீ. இரு முனையிலும் எல்போ போட்டு முன்பக்கம் நீளும் 25 செ.மீ. கால்கள் இரண்டு, டீயிலிருந்து நிமிரும் தண்டு, அதன் தலையில் எல்போ, அதிலிருந்து முன்னால் நீளும் 22 செ.மீ. கை, கையின் நுனியில் கிளிப்.

தண்டை முதலில் 25 செ.மீ. வைத்தேன். விரித்த பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்தான் படத்துக்குள் வந்தது. 15 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, இரண்டு பைப்பை நேராக இணைக்கும் கப்ளர் ஒன்றை 10 ரூபாய்க்கு வாங்கிச் சேர்த்தேன். 40 செ.மீ. உயரத்தில் இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிந்தது. ஆனால் போனின் கனத்தில் முன்னால் கவிழப் பார்த்தது. கால்களிலும் அடிப்பைப்பிலும் காய்ந்த மணலைக் கொட்டி மூடி போட்டேன், அசையாமல் நின்றது. மொத்தம் 242 ரூபாய், ஒரு சாயங்காலம். எந்த இணைப்பையும் பசை போட்டு ஒட்டவில்லை. அது ஏன் நல்லதாகப் போயிற்று என்று கீழே சொல்கிறேன்.

போன வியாழனுக்கு வந்த கேள்வி 8-5. எட்டாம் வகுப்பு நிலைமின்காட்டி, அதாவது ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவி. ஊறுகாய் பாட்டில், செம்புக் கம்பி, அலுமினியத் தாள் இரண்டு துண்டு வைத்துச் செய்தது, எதைத் தேய்த்துக் காட்டினாலும் இதழாகத் தொங்கும் அந்தத் தாள்கள் விரியவில்லை. கேட்டவர் மூன்று புகைப்படம் போட்டிருந்தார். அதைப் பார்த்தே இருவர் பதில் எழுதினார்கள். பாட்டிலுக்கு இரும்பு மூடி, கம்பி அதைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, மின்னூட்டம் மூடிக்குப் பரவிவிடும் என்று ஒருவர். தாள் கசங்கியிருக்கிறது, 4 செ.மீ. நீளம் 1 செ.மீ. அகலம் வெட்டி நகத்தால் நீவி விடுங்கள் என்று இன்னொருவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற ஒரு சார் குரலில் சொன்னார்: "பாட்டிலக் கழுவுனீங்களா? கழுவுனா நல்லாக் காய வையுங்க. இது கார்த்திகை மாசம், மலையில பனி. கண்ணாடி மேல ஈரம் இருந்தா சார்ஜ் நிக்காது."

மூன்றையும் சேர்த்துச் செய்து காட்டலாம் என்று கூட்டத்தில் உட்கார்ந்தேன். பாட்டிலை வெயிலில் வைத்து, சாயங்காலம் இளஞ்சூட்டுத் தோசைக்கல் மேல் கவிழ்த்து உலர்த்தியிருந்தேன். இரும்பு மூடியில் ஓட்டையைப் பெரிதாக்கி, கம்பியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தேன். மேலிருந்து பார்க்கும் கேமராவில் இதழ் விரிவது தெரியாது. அப்போதுதான் ஒட்டாமல் விட்ட கப்ளர் உதவியது. மேல் 15 செ.மீ. துண்டையும் கையையும் கழற்றிவிட்டு, கிளிப்பை 25 செ.மீ. உயரத்திலேயே செருகினேன். கேமரா பாட்டிலைப் பக்கவாட்டில் பார்த்தது. பின்னால் கறுப்பு சார்ட் பேப்பர் வைத்ததும் வெள்ளி நிறத் தாள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

தேய்க்க என்ன எடுப்பது? தாங்கி செய்ததில் மிஞ்சிய பைப்பிலிருந்து ஒரு 24 செ.மீ. துண்டு. மலைக் குளிருக்கு நான் போர்த்தும் கம்பளியால் இருபது தடவை அழுத்தித் தேய்த்து, கம்பியின் மேல்முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இரண்டு இதழும் மெல்ல விலகி நின்றன. பைப்பை எடுத்ததும் சேர்ந்துகொண்டன. மறுபடி கொண்டுபோனேன், மறுபடி விலகின. கேள்வி கேட்டவர் மைக்கை ஆன் செய்து, "சார், இன்னொரு தடவை காட்டுங்க, என் பொண்ணு பார்க்கணும்ங்குது" என்றார். ஆறு தடவை காட்டினேன். அதற்குப்பிறகு கம்பளி இல்லாதவர்கள் எதை வைத்துத் தேய்க்கலாம், அலுமினியத் தாள் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பேச்சு ஓடி, நேரம் தாண்டி 9.41 ஆகிவிட்டது.

திங்கள்கிழமைக்குள் ஐந்து பள்ளிகளில் செய்துவிட்டார்கள். படங்கள் வந்தன. பிள்ளைகள் முகம் தெரியும் படத்தைக் குழுவில் போடுவதில்லை என்று செப்டம்பரிலேயே பேசி வைத்திருந்தோம். ஐந்து படத்திலும் பாட்டிலைப் பிடித்திருக்கும் சின்னக் கைகள் மட்டும்தான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சிலதை மாற்றுவேன். நேரத்தை எல்லோரிடமும் கேட்டுவிட்டு வைப்பேன். கோப்பு வாங்கும் முதல் நாளே யூனிகோடு மட்டும் என்று சொல்லிவிடுவேன். இரண்டாவது அட்மினை ஆரம்பத்திலேயே போடுவேன். ஜூலையில் என் போன் தண்ணீரில் விழுந்து ஐந்து நாள் பழுதுபார்க்கும் கடையில் இருந்தபோது புதிதாக யாரையும் சேர்க்க முடியவில்லை. மீட் இலவசக் கணக்கில் பதிவு செய்ய முடியாது. வர முடியாதவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதி டிரைவில் வைக்கிறோம். இதுவரை ஏழு குறிப்பையும் நானே எழுதினேன். டிசம்பரிலிருந்து வாரம் ஒருவர் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தடிப் பைப்பில் ஒரு தாங்கிக்கு 140 செ.மீ. போகிறது. 24 செ.மீ. துண்டும் போனபிறகு மிச்சம் இருப்பது சரியாக இன்னொரு தாங்கிக்கு வரும். டீக்கடை டீச்சருக்கு அதை வெட்டி வைத்திருக்கிறேன், தண்டு 25, 15 என்று இரண்டாகவே. அடுத்த வியாழன் ஏழாம் வகுப்பு மின்னோட்டவியல், அவர்தான் செய்து காட்டுகிறார். செவ்வாய்க்கிழமை காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். மணலை அங்கேயே போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.